மேலேயே நிற்கும் மூன்று

நான் எழுத உட்கார்ந்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. இதுவரை நான் எழுதியவை கரும்பலகையில் அ, ஆவன்னாவும், பிள்ளைகளின் சட்டையில் குத்திவிடும் துண்டுகளில் அவர்களின் பெயர்களும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் கடைசி வரிசையில் போய் நிற்கிற ஆள் நான். கதை சொல்லத் தெரியாது. அதிலும் கணக்கைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், கணக்கில் இரண்டு தரம் தவறியவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனதில் வைத்திருந்து வைத்திருந்து புளித்துப்போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

கண்டாவளைப் பக்கத்தில், இரணைமடுத் தண்ணீர் வருகிற வாய்க்காலுக்கு இந்தக் கரையில், பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளுக்கான ஒரு நேசறி இருக்கிறது. அங்கே நான் பல வருடம் ரீச்சராக இருந்தேன். கொடுத்த சம்பளத்தைச் சம்பளம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த வேலை எனக்கு வேறு விதத்தில் தேவைப்பட்டது. பெரியவர்கள் முன்னால் எனக்குக் குரல் வராது. கடையில் சாமான் கேட்பதென்றால்கூட வீட்டிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு போவேன். நேசறிக்குள் கால் வைத்தால் அப்படியில்லை. நான் பாடுவேன், யானை மாதிரி நடப்பேன், குரங்கு மாதிரிக் குதிப்பேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து வாய் பிளந்து இருப்பார்கள். ஒரு நாளில் நான்கு மணித்தியாலம் நான் வேறு ஆள். அந்த நான்கு மணித்தியாலத்துக்காகத்தான் மிச்ச நேரம் இருந்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இன்னொரு நேசறி. அங்கே இருந்த ரீச்சர் என்னைவிட வயதில் குறைந்தவ. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, இங்கே வயல்காரக் குடும்பத்தில் கலியாணம் முடித்து வந்தவ. கழுத்தில் சிலுவை. வாய் ஓயாது. கூட்டங்களில் அவதான் எனக்கும் சேர்த்துக் கதைப்பா. "அக்கா சொல்லச் சொன்னவ" என்று தொடங்கி, நான் மனதில் மட்டும் நினைத்ததைக்கூடச் சரியாகச் சொல்லிவிடுவா. எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவ.

ஒருநாள் நேசறிகளுக்குப் பொறுப்பான சேர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இரண்டு பேரையும் என்னுடைய கட்டடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் இருக்க முடியாமல் நின்றபடியே சொன்னார்.

"ரெண்டையும் ஒண்டாக்கப் போறம். பிள்ளையள் குறைஞ்சுபோச்சு. இந்தக் கட்டடம் நல்லா இருக்கு, இஞ்சயே நடத்தலாம். ஒரு ரீச்சருக்குத்தான் இனிக் காசு வரும்."

"ஆருக்கு சேர்?" அவதான் கேட்டா.

"ஓ.எல்லில கணிதம் பாஸ் பண்ணின ஆளுக்கு."

"எங்கள் ரெண்டு பேருக்கும் இல்லையே."

"அப்ப எடுங்கோ. வாற சோதினைக்குத் தனிப்பட்ட முறையில போடலாம். ஆர் எடுக்கினமோ அவைக்கு."

"பிள்ளையள் பத்து வரைக்கும் எண்ணினால் போதும் சேர். அதுக்கு என்னத்துக்கு எங்களுக்குக் கணிதம்?"

"எனக்கும் தெரியாது தங்கச்சி. மேல இருந்து வந்தது" என்று சொல்லிவிட்டு அவர் தலைக்கவசத்தைப் போட்டார்.

அவர் போன பிறகு அவ என் தோளில் தட்டினா. "யோசியாதேங்கோ அக்கா. ரெண்டு பேரும் எடுப்பம். ரெண்டு பேரும் எடுத்தால் என்ன செய்யப்போகினம்? தலையைச் சொறிஞ்சுகொண்டு நிக்கட்டும்."

எனக்கு அப்போது அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பதினோராம் வகுப்பு முடிவில் நான் முதல்தரம் அந்த ஓ.எல். சோதனை எழுதியது, சண்டையால் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் ஓடிய வருடம். எண்ணின் தலைமேல் சின்னதாக எழுதுகிற சுட்டிகள் என்ற பாடத்தில் பாதிதான் படித்திருந்தோம். ஒரே அடி உள்ள இரண்டைப் பெருக்கினால் சுட்டிகளைக் கூட்ட வேண்டும், வகுத்தால் கழிக்க வேண்டும் என்பது வரைக்கும் ஆசிரியர் வந்துவிட்டார். "மறைச் சுட்டி நாளைக்கு" என்றார். அந்த நாளைக்கு ஊர் எழும்பிவிட்டது. ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் மற்றப் பாடங்களைச் சமாளித்து எழுதினேன். கணக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் தேடவில்லை.

இப்போது படிப்பதென்றால் ரியூசன் வேண்டும். அவவைப் புருஷன் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் பரந்தனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் ஒருநாள் பஸ்ஸில் போனேன். கேற்றடியில் நின்று எட்டிப் பார்த்தேன். வாங்குகளில் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் என்னிடம் அ, ஆவன்னா படித்தவர்கள். மீசை அரும்பிய ஒருவன் என்னைக் கண்டுவிட்டான். "டேய், எங்கட நேசறி ரீச்சர்!" என்று கத்தினான். எல்லாத் தலையும் திரும்பியது. அவன் சந்தோசத்தில்தான் கத்தினான், எனக்குத் தெரியும். நான் பிள்ளை ஒன்றைக் கூப்பிட வந்த ஆள் மாதிரி அங்குமிங்கும் பார்த்துவிட்டு, வந்த பாதையால் திரும்பிப் போனேன்.

அவவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தா. "விடுங்கோ அக்கா. நான் போய்ப் படிச்சுக்கொண்டு வந்து உங்களுக்குச் சொல்லித்தாறன். நீங்கள் வெக்கப்பட்டு வீட்டிலயே இருங்கோ."

அப்படித்தான் தொடங்கியது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு, அவ வாய்க்காலைத் தாண்டி வருவா. நேசறியில் கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு அடித்தது. நின்றால் எழுத முடியாது. பாயை விரித்து, இரண்டு பேரும் நிலத்தில் இருந்து எழுதுவோம். அவ முதல் நாள் ரியூசனில் சொன்னதைத் திருப்பிச் சொல்லுவா. பிறகு ஒரு கணக்குத் தருவா. நான் போட்டு முடித்ததும், பிள்ளைகளுக்குப் போடுவதுபோல மஞ்சள் சோக்கால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கீறுவா. நான் நாற்பதைத் தாண்டியவள். அந்த நட்சத்திரத்தைப் பார்த்தால் எனக்கு முகமெல்லாம் சிரிப்பு வரும். பிறகு எல்லாவற்றையும் அழித்து, அடுத்த நாளுக்கு ஒரு பூனையையோ வாழைப்பழத்தையோ கீறி வைத்துவிட்டுப் போவோம்.

கணக்கில் எனக்குப் பிடித்துப்போனது சுட்டிகள் ஒன்றுதான். மற்றவை தலைக்குள் நிற்கவில்லை. வட்டங்களும் தேற்றங்களும் எனக்குக் காடு. சுட்டி அப்படியில்லை. ஒரு பெரிய சிக்கலைத் தந்து "சுருக்குக" என்பார்கள். விதியைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு சின்ன விடை வரும். வீட்டிலும் வெளியிலும் எந்தச் சிக்கலும் எனக்கு அப்படிச் சுருங்கி வந்ததில்லை.

பின்னச் சுட்டியில் அவ தடக்குப்பட்டா. இருபத்தேழுக்கு மேலே மூன்றில் இரண்டு என்று சுட்டி இருந்தது. அவ இருபத்தேழை இருபத்தேழால் பெருக்கினா. எழுநூற்று இருபத்தொன்பது வந்தது. அதன் கனமூலம் என்ன என்று தேடப் போய், வியர்த்து, சோக்கை எறிந்தா.

"செபமாலை சொன்னாலும் இது வராது."

நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நேசறியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கும்போது, பெரிய பானையை அப்படியே தூக்க மாட்டேன். முதலில் சின்னச் சட்டிகளில் பிரித்து ஊற்றுவேன், பிறகுதான் தூக்குவேன். எனக்கு அந்த ஞாபகம் வந்தது.

"முதல் பெருக்காதேங்கோ. கீழ இருக்கிற மூண்டு, கனமூலம் எடு எண்டு சொல்லுது. அதை முதல் எடுங்கோ. இருபத்தேழின்ர கனமூலம் மூண்டு. இப்ப மேல இருக்கிற ரெண்டுக்கு மூண்டை வர்க்கியுங்கோ."

"ஒன்பது!" அவ துள்ளினா. "எட அக்கா! இதை அந்த சேர் எனக்குச் சொல்லேல்லையே."

பிறகு பதினாறுக்கு மேலே நான்கில் மூன்று போட்டுப் பார்த்தோம். நாலாம் மூலம் இரண்டு, அதன் மூன்றாம் வலு எட்டு. அன்று நான் மஞ்சள் சோக்கை எடுத்து அவவின் கணக்குக்குப் பக்கத்தில் நட்சத்திரம் கீறினேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு பெரிய ஆளுக்கு நான் ஏதோ சொல்லிக்கொடுத்திருந்தேன். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி போடும்போதும் எனக்கு அதே நினைப்பு.

மறைச் சுட்டியை அவதான் எனக்குக் காட்டினா. இரண்டுக்கு மேலே மறை மூன்று என்றால் விடை மறை எட்டு இல்லை, எட்டில் ஒன்று. "மைனஸைக் கண்டால் கீழ இறக்கு. இறக்கின உடன மைனஸ் போயிடும்" என்றா. அடைப்புக்குள் மூன்று எக்ஸ், வெளியே மறை இரண்டு என்று ஒன்று தந்தா. முழு அடைப்பையும் கீழே இறக்கி, ஒன்பது எக்ஸ் வர்க்கத்தில் ஒன்று என்று எழுதினேன். நட்சத்திரம்.

அடுத்தது 3x⁻² என்று அடைப்பில்லாமல் தந்தா. நான் அதையும் அப்படியே இறக்கினேன். மேலே ஒன்று, கோடு, கீழே மூன்று எக்ஸ் வர்க்கம். அவ பலகையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. மஞ்சள் சோக்கை எடுத்து நட்சத்திரம் கீறினா.

அதற்குப் பிறகு எத்தனையோ கணக்குகளில் நான் அப்படியே செய்தேன். ஐந்தோ ஏழோ எது முன்னால் நின்றாலும், எக்ஸோடு சேர்த்துக் கோட்டுக்குக் கீழே கொண்டுபோனேன். ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் நிற்பதை விட்டுவிட்டுப் போவது என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. நாங்கள் ஊரை விட்டு எழும்பியபோதெல்லாம் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு ஆபத்து என்றால் பக்கத்து வீடும் சேர்ந்து எழும்பும். ஆடு, கோழி, கதவு, கூரைத் தகரம் எல்லாம் வரும். நீ நில், உனக்கு ஒன்றுமில்லை, அவர்கள் மட்டும் போகட்டும் என்று யாரும் சொன்னதில்லை.

சோதனை நாள் வந்தது. இரண்டு பேரும் ஒரே மண்டபம். சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவில் சேலையோடு இருந்தோம். மேற்பார்வையாளர் எங்களைப் பெற்றோர் என்று நினைத்து வெளியே போகச் சொன்னார். அவ எழும்பி, "நாங்களும் பிள்ளையள்தான் சேர், கொஞ்சம் வளந்துபோனம்" என்றா. மண்டபம் சிரித்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வினாத்தாளில் சுட்டிக் கணக்குகள் நான் நினைத்ததைவிடக் கூட வந்திருந்தன. முதலாம் பகுதியில் ஒன்று. இரண்டாம் பகுதியில் நீளமான ஒன்று, அதன் ஒவ்வொரு படியிலும் மறைச் சுட்டி. மற்றவற்றைத் தெரிந்தமட்டும் எழுதிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அந்த நீளக் கணக்கில் செலவழித்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்று நம்பினேன். முன்னால் நின்ற எல்லாக் குணகங்களையும் கவனமாகக் கீழே இறக்கினேன். விடை கொஞ்சம் அவலட்சணமாகத்தான் வந்தது. ஆனாலும் வழி சரி என்று விட்டுவிட்டேன்.

பஸ்சுக்குக் காத்து நிற்கும்போது அவ கேட்டா. "அந்தப் பெரிய சுட்டிக் கணக்குக்கு என்ன வந்தது அக்கா?"

சொன்னேன்.

அவ பேசாமல் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு சொன்னா.

"முன்னுக்கு நிக்கிற இலக்கம் மேலயே நிக்கும் அக்கா. மைனஸ் எக்சுக்கு மட்டும்தானே. அது மட்டும்தான் கீழ போகும்."

"அண்டைக்கு மூண்டெக்ஸ்..."

"அதுவும் அப்படித்தான். மூண்டு மேல, எக்ஸ் வர்க்கம் கீழ." பிறகு அவவுக்குப் பழைய சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கள் இடம்பெயர்ந்த மாதிரி முழுச் சாமானையும் ரக்டரில ஏத்திப்போட்டியள்!"

பக்கத்தில் நின்ற ஒரு மனுசி என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தா. நான் மெதுவாகச் சொன்னேன், "நீங்கள் நட்சத்திரம் போட்டனீங்கள்."

"எத்தினை நட்சத்திரம் போட்டிருப்பம், எல்லாத்தையும் பாத்தோ போட்டது?" என்றா. பஸ் வந்தது. அவவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன்.

முடிவு வந்த அன்று அயலில் ஒரு பிள்ளையின் போனில் பார்த்தோம். எனக்குக் கணிதம் இல்லை. அவவுக்குச் சாதாரண சித்தி, பாஸ் ஆகிவிட்டா. அந்த ஒரு பிழையால்தான் நான் தவறினேன் என்று சொல்ல மாட்டேன். வட்டங்கள் தெரிந்திருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் எனக்கு இருந்தது சுட்டிகள் ஒன்றுதான். வயிறு எரிகிறபோது நியாயம் பேச வராது. இவர், என் வீட்டுக்காரர், வயலால் வந்து கேட்டார், "என்ன வந்தது?" சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான், இந்த வயசில என்னத்துக்கெண்டு" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

பொறுப்பான சேர் போனில் கதைத்தார். அடுத்த கிழமையிலிருந்து இரண்டு நேசறியும் ஒன்று. என்னுடைய கட்டடத்தில், அவ ரீச்சர். சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார். "சரி சேர்" என்றேன். கொடுத்துவிட்டேன்.

வேலை தொடங்குவதற்கு முதல்நாள் பின்னேரம் அவ வீட்டுக்கு வந்தா. கையில் ஒரு பை மீன். முல்லைத்தீவிலிருந்து தமையன் கொண்டுவந்ததாம். இவர் வீட்டில் இல்லை. நான் குசினி வாசலில் நின்றேன். இருக்கச் சொல்லவில்லை. அவவே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"அக்கா, ஒரு விசயம். பிள்ளையள் கூடிப்போச்சுதுதானே, கஞ்சி காய்ச்ச ஒரு ஆள் வைக்கலாமாம். சேரோட கதைச்சனான். நீங்கள் வாங்கோவன்."

"நானோ?"

"வேற ஆரை நான் கேப்பன்? உங்களுக்கும் பிள்ளையளை விட்டிட்டு இருக்கேலாது. எனக்குத் தெரியும்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு என்ன தேவை என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. எப்போதும் தெரிந்திருந்தது. என் மனதில் கிடந்ததை எடுத்து வெளியே சொல்லித்தானே பழக்கம். முதல்தரமாக நான் அவவின் முகத்தை நேரே பார்த்துக் கேட்டேன்.

"அண்டைக்கு அந்த மூண்டை நீங்கள் கண்டனீங்களோ?"

அவ எந்த மூன்று என்று கேட்கவில்லை. மீன் பையை நிலத்தில் வைத்தா. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தா.

"ஓம் அக்கா. கண்டனான்."

நான் மீன் பையைப் பார்த்தேன்.

"முதல்நாள் சொல்லத்தான் வாயெடுத்தனான். பிறகு யோசிச்சன், நீங்களும் எடுத்தால் மூத்த ஆளெண்டு உங்களைத்தான் வைப்பினம். உங்கட கட்டடம், உங்கட ஊர். எனக்குப் பிள்ளையள் சின்னன். எங்கட மனுசன்ர உழைப்பை நீங்கள் அறிவியள்தானே. ஒருநாள் சொல்லாமல் விட்டால், பிறகு சொல்லவே ஏலாமல் போட்டுது." பிறகு தலையை நிமிர்த்தி, கொஞ்சம் கோபமாகவே கேட்டா: "நீங்கள் எண்டால் சொல்லியிருப்பியளோ?"

"இருபத்தேழை நான் சொன்னனான்."

"ஓம்" என்றா. "சொன்னனீங்கள்."

பக்கத்து வளவில் யாரோ ஆட்டை ஏசிக்கொண்டு நின்றார்கள். அவ எழும்பி, கதிரையைத் திரும்பச் சுவரோடு வைத்தா. "மீனை வெட்டிப்போடுங்கோ அக்கா, பழுதாப்போயிடும்" என்று சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தா. நான் கூப்பிடவில்லை. ஏச வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லி ஏசுவது என்று யோசித்துச் சரியான வசனம் வரும்போது அவ மதகைத் தாண்டிவிட்டா.

அந்தப் பையோடு கொஞ்ச நேரம் நின்றேன். எறிய மனம் வரவில்லை. வெட்டிக் கழுவிக் குழம்பு வைத்தேன். இவர் நல்ல மீன் என்றார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவ பொய் சொல்லியிருந்தால் என்னால் அவவை வெறுத்துவிட்டு இருந்திருக்கலாம். "நான் பாக்கேல்லை அக்கா" என்று சொல்ல அவவுக்கு எவ்வளவு நேரம் செல்லும்? அதையும் எனக்குத் தராமல், உண்மையைக் கொண்டுவந்து மீனோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறா. நான் அதை என்ன செய்வது?

அடுத்த நாள் ஏழரைக்கு, பிள்ளைகளை விட்டு இருக்க முடியாமல், நேசறிக்குப் போனேன். அவ கதவைத் திறந்து வைத்திருந்தா. நான் பின்பக்கத்தால் போய் அடுப்பை மூட்டி, அரிசியும் பயறும் கழுவிப் போட்டேன். பத்து மணிக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள் குடிக்கவில்லை.